வெள்ளிக்கிழமை உபவாசமும் யோவான் பதினைந்தும்

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா இன்னும் சில வீடுகளிலும் வேலை பார்க்கிறார். அவற்றில் ஒன்று நம்மவர்கள் வீடு. சபையில் எல்லோரும் மதிக்கிற குடும்பம். அந்த வீட்டம்மாவின் ஜெப வாழ்க்கையைப் பற்றி நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். விடியற்காலை ஜெபம், வாரம் தவறாத வெள்ளிக்கிழமை உபவாசம், ஓரமெல்லாம் கோடு போட்டுக் குறிப்பெழுதிய வேதாகமம். வேலைக்கு வரும் அம்மா அந்த வீட்டைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை. வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது நடுவில், "வெள்ளிக்கிழமைன்னா மட்டும் அங்க கொஞ்சம் சூதானமா போவேன் டீச்சர். அன்னைக்கு அவங்க சாமி கும்புடுற நாளு. தட்டுச் சத்தம் கேட்டாக்கூடக் கோவம் வந்துரும்" என்றார். சொன்ன கையோடு, "சபீனா தீந்துருச்சு, வாங்கி வைங்க" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மோட்டார் போட மறப்பார்கள் என்பதோடு அதுவும் ஒன்று.

எனக்குத்தான் அது இறங்கவே இல்லை. முதலில் பசி என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். காலையில் காபி இல்லாவிட்டாலே பதினோரு மணிக்குத் தலை வலிக்கிற ஊர் நம் ஊர். சர்க்கரை உள்ளவர்கள் வயிற்றைக் காயப்போட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் ஒன்று உறுத்தியது. அந்த வீட்டம்மா ஆண்டவரோடு மிக நெருக்கமாக இருப்பதாக நினைக்கிற நாள்தான், சமையலறையில் நிற்கிற இன்னொரு பெண் மிகவும் பயப்படுகிற நாளாக இருக்கிறது. இரண்டு பேரும் இருப்பது ஒரே வீட்டில். நடுவில் ஒரு கதவுதான்.

இதை நேரில் போய்ச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மத்தேயு 18 அப்படித்தான் சொல்கிறது, தனித்திருக்கையில் போய்ச் சொல் என்று. நான் போய்ச் சொன்னால் யார் சொன்னது என்பது மறுநாளே தெரிந்துவிடும், வேலை போவது அவருக்கு. அதனால் நாளையும் வீட்டையும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்த ஒரு வீட்டைப் பற்றி எழுதுவதும் என் நோக்கமல்ல. ஏசாயா 58-ஐ எடுத்துப் பாருங்கள். இரண்டாயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முந்தைய பேச்சு, ஆனால் புகார் இதே புகார். நாங்கள் உபவாசம்பண்ணும்போது நீர் ஏன் நோக்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். உபவாசிக்கிற நாளிலேயே வேலைக்காரர்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள், வழக்கும் வாதும் செய்துகொண்டு உபவாசிக்கிறீர்கள் என்று பதில் வருகிறது. தேவன் கணக்குப் பார்க்கிற இடம் ஜெப அறை அல்ல, அதற்கு வெளியே இருக்கிற முற்றம்.

ஆவிக்குரிய வளர்ச்சியை நாம் அளக்கிற கோல்கள் எல்லாம் அறைக்கு உள்ளேயே இருக்கின்றன. வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து என்று வாசித்தால் வருடத்தில் முடித்துவிடலாம் என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல பழக்கம், நான் இன்றைக்கும் விடவில்லை. ஆனால் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் "வேதத்தை முழுசா வாசிச்சு முடிச்சவங்க கையைத் தூக்குங்க" என்று கேட்கிறவர்கள், "இந்த வருஷம் உங்க கோபம் கொஞ்சமாவது குறைஞ்சிருக்கா, வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் எத்தனை கை எழும்பும்? அப்புறம் புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்டுக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டை. அதை வாங்கி பீரோவில் ஒட்டியாகிவிட்டது என்றால் வருடத்துக்கான ஏற்பாடு முடிந்தது என்று ஒரு நிம்மதி.

இப்போது பிரசங்கங்களில் அடிக்கடி வருகிற ஒரு உவமை, செல்போன் சார்ஜர். காலையில் அரை மணி நேரம் ஆண்டவரோடு கனெக்ட் ஆகிவிட்டால் நாள் முழுக்க பேட்டரி நிற்கும் என்கிறார்கள். வாலிபர்களுக்குச் சட்டென்று புரிகிறது, சிரிப்பும் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத்தானே போனை எடுத்துக்கொண்டு போகிறோம்? அந்த உவமைக்குள்ளேயே பிரிவு இருக்கிறது. காலையில் இணைப்பு, பிறகு பிரிவு, சாயங்காலம் தீர்ந்துபோய்த் திரும்ப வருவது. அப்படிப் பழகிவிட்டால் நடுவில் குறுக்கே வருகிற மனுஷர் எல்லாம் பேட்டரியைக் குடிக்கிறவர்களாகத் தெரிவார்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் தட்டைத் தட்டுகிறவள் மேல் கோபம் வராமல் என்ன செய்யும்? யோவான் 15-ல் இயேசு எடுத்துக்கொண்டது திராட்சக்கொடியும் செடியும். நானே செடி, நீங்கள் கொடிகள் என்றார். கொடியைச் செடியிலிருந்து எடுத்து மாட்டுகிற வழக்கம் எந்தத் தோட்டத்திலும் கிடையாது.

கம்பத்துப் பந்தலுக்குக் கீழே

தேனிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, சொந்தக்காரர் ஒருவர் தெரிந்தவர் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த ரகம் என்று சொல்வார்கள். கல்தூண், மேலே கம்பி, கம்பியில் படர்ந்த கொடி. நிமிர்ந்து நடந்தால் தலையில் குலை இடிக்கும். நாங்கள் போன தோட்டத்தில் அது இல்லை. கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுகிற வேலை, முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மேலே பார்த்தால் வானம். கம்பி மேல் பழுப்பு நிறத்தில் குச்சிகள், அவ்வளவுதான். செத்துப்போன தோட்டம் என்று நினைத்திருப்பேன். வெட்டுப்பட்ட சில நுனிகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றது. கை வைத்துப் பார்த்தேன், வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது, பிசுபிசுப்புக்கூட இல்லை.

தோட்டக்காரர் நம் ஆள் இல்லை, யோவான் சுவிசேஷமும் அவருக்குத் தெரியாது. அவருக்கு இருந்த கவலை வேறு. பழம் பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் வெடித்துவிடும், வியாபாரி விலையைக் குறைப்பான், மருந்துச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. நான் விடாமல் கேட்டதில் கொஞ்சம் சொன்னார். ஒவ்வொரு குச்சியிலும் நாலு கண் விட்டு மிச்சத்தை வெட்ட வேண்டும். அந்தக் கண்ணிலிருந்து புதிதாக வருகிற தளிரில்தான் பூ எடுக்கும். வெட்டாமல் விட்டால் கொடி பாட்டுக்கு ஓடும், பந்தல் நிறைய இலை அடைக்கும், கீழே நல்ல நிழல் கிடைக்கும், குலை மட்டும் இருக்காது. பற்றிக்கொள்ள வருகிற சுருள்களைக்கூடக் கிள்ளி எடுத்துவிடுகிறார்கள், அதுவும் சத்தைத் தின்னுமாம். "இலையைப் பாத்து அசந்துறக் கூடாதும்மா. இலைக்கு யாரு காசு குடுப்பா?" என்றார். செடியை வெட்டுகிறபோது மனசு கஷ்டப்படாதா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கஷ்டமா? வெட்டுற ஆளுக்குக் கூலி குடுக்கிறதுதான் கஷ்டம்" என்றார். வேதபாடம் எடுக்கப் போனவளுக்கு அது போதாதா!

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். "கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்" என்ற வசனத்தை நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லுவார்கள். புற்றுநோய் வந்தவரிடம், பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம், "ஆண்டவர் உங்களைக் கவாத்துப் பண்ணுகிறார்" என்பார்கள். அடுத்த வசனத்தையும் வாசித்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. "நான் உங்களுக்குச் சொன்ன உபதேசத்தினாலே நீங்கள் இப்பொழுதே சுத்தமாயிருக்கிறீர்கள்" என்கிறார். கத்தி என்பது அவருடைய வார்த்தை. அது வெட்டுவது நம் உடம்பையோ குடும்பத்தையோ அல்ல. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கிறபோது, மருமகளிடம் பேசுகிறபோது, பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லைக்கல் தகராறு வருகிறபோது நாம் நிறுத்த வேண்டியதை நிறுத்தச் சொல்கிற வார்த்தை. துன்பத்தில் ஒருவர் பக்குவப்படுவதை நானும் கண்டிருக்கிறேன். டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் மரிக்கிறவரை பெரும்பாலும் கட்டிலிலேயே இருந்ததும், அங்கிருந்தே அத்தனை பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்ததும் நாம் கேட்டு வளர்ந்த கதை. ஆனால் அதை அவர்கள்தான் தங்களைப் பற்றிச் சொல்லலாம். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுச் சொல்லக் கூடாது.

பெரியம்மாவின் ஜெப நேரம்

ஜெபமே ஒருவரைத் தட்டுச் சத்தத்துக்குக் கோபப்படுகிறவராக ஆக்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை. என் பெரியம்மா இருந்தது திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர் ஒன்றில். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் ஊர் முழுக்கக் குடும்ப ஜெபம் ஆரம்பிக்கும், ஒரு வீட்டுக் கீர்த்தனையில் அடுத்த வீட்டுக் கீர்த்தனை வந்து மோதும். பெரியம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். சங்கீதங்கள் மனப்பாடம், சில நீதிமொழிகள், லேவியராகமத்தில் ஒரே ஒரு வசனம். மணி அடித்ததும் பாய் விரிப்பாள். பாட்டைத் தொடங்குவதற்கு முன்னால் அடுப்படிப் பக்கம் திரும்பி, "இன்னைக்கு யாருக்கும் குடுக்க வேண்டியது பாக்கி இருக்கால?" என்று பெரியப்பாவையோ அண்ணனையோ கேட்பாள். ஓலை முடைய வந்தவர், தேங்காய் பறித்தவர், வண்ணார வீட்டு அம்மா. இருந்தால் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து காசு வரும். பொடியன்களில் ஒருவன் அந்த இருட்டில் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறவரை பாட்டு தொடங்காது. நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருப்போம். "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்பதுதான் அவள் வைத்திருந்த அந்த லேவியராகம வசனம், 19:13.

சின்ன வயதில் இது எனக்கு ஜெபத்துக்கு முந்தைய தாமதமாகத்தான் தெரிந்தது. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் வருகிறதே, அதைப் பெரியம்மா யாருக்கும் போதிக்கவில்லை, காசை எண்ணிக் கொடுத்தாள். அவளும் கோபக்காரிதான். கோழியைத் துரத்தினால் விளக்குமாறு பறந்து வரும். ஆனால் அவள் ஜெபிக்கிற நேரத்தில் அந்த ஊரில் யாரும் பயந்ததாக நான் கேட்டதில்லை. மாறாக, ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஜெபம் முடிகிற நேரம் பார்த்து வருவார்கள்.

எட்டாம் வசனத்தோடு நிறுத்துவது

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மாதத்துக்கு ஒரு வேதபாடம். அந்த மாதம் எனக்கு விழுந்தது யோவான் 15. வழக்கமாக இதை முதல் எட்டு வசனங்களோடு முடித்துக்கொள்வார்கள். திராட்சச்செடி, கொடி, கனி, நிலைத்திருத்தல், "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது", ஆமென். நானும் அப்படித்தான் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருந்தேன். வாசிக்கக் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். எங்கே நிறுத்துவது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனாள். எட்டு தாண்டி ஒன்பது, பத்து. "நீங்களும் என் கற்பனைகளைக் கைக்கொண்டிருந்தால், என்னுடைய அன்பிலே நிலைத்திருப்பீர்கள்." நிறுத்தச் சொல்லலாமா என்று தலைவி என் முகத்தைப் பார்த்தார். நான் கையைக் காட்டிவிட்டேன், வாசிக்கட்டும் என்று. அந்தக் கற்பனை, அதாவது கட்டளை, என்னவென்று பன்னிரண்டில் வருகிறது, ஒருவரிலொருவர் அன்பாயிருக்க வேண்டும் என்று. பதினைந்தில், "இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை... நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்."

இந்த அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்தவள்தான் நான். ஆனாலும் எட்டாம் வசனத்தில் ஒரு பத்தி முடிவதாகவும், அதற்கப்புறம் வேறு விஷயம் தொடங்குவதாகவும் மனதில் பதிந்துபோயிருந்தது. ஒரே மூச்சாக இன்னொருவர் வாசிக்கக் கேட்டபோது அங்கே பத்தியே இல்லை என்பது தெரிந்தது. எப்படி நிலைத்திருப்பது என்ற கேள்விக்கு விடை வருவது ஒன்பதுக்கு மேல்தான். அந்த விடையில் விடியற்காலை இல்லை, தனியறை இல்லை. பக்கத்தில் இருக்கிற ஆள் இருக்கிறார். ஊழியக்காரராக இருந்தவரை சிநேகிதராக்கிய ஒருவர் இருக்கிறார். இதைச் சொல்லுவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அவர் துண்டை அரையில் கட்டிக்கொண்டு எல்லோருடைய காலையும் கழுவியிருக்கிறார். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனுடைய காலையும் சேர்த்து. அந்த வேலை அந்தக் காலத்தில் வீட்டு வேலையாட்களின் வேலை.

இயேசு இந்த உவமையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொன்னேன். எருசலேம் தேவாலய வாசலுக்கு மேல் பொன்னால் செய்த திராட்சக்கொடி இருந்ததாகவும், அதில் ஆள் உயரக் குலைகள் தொங்கியதாகவும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். இஸ்ரவேல்தான் அந்தத் திராட்சத்தோட்டம். ஏசாயா 5-ல் தேவனுடைய தோட்டத்தைப் பற்றித் தீர்க்கதரிசி ஒரு பாட்டுப் பாடுகிறார். நல்ல பழம் வருமென்று தேவன் காத்திருந்தார், கசந்த பழம் வந்தது என்கிறார். என்ன பழத்துக்குக் காத்திருந்தாராம்? "அவர் நியாயத்துக்குக் காத்திருந்தார், இதோ, கொடுமை, நீதிக்குக் காத்திருந்தார், இதோ, முறைப்பாடு." காத்திருந்தது நியாயத்துக்கு. கேட்டது பாதிக்கப்பட்டவர்களின் அழுகை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டபோது ஒருவர், வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் வைக்கிறோமே, அதிலிருந்து தொடங்கலாம் என்றார். மூத்த அம்மாள் ஒருவர், "அதெல்லாம் எங்க ஆச்சி காலத்தோட போச்சு. இப்ப யாரு தனி டம்ளர் வைக்கா?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு நடு வரிசையிலிருந்து ஒருவர், "எங்க வீட்டுல இருக்கே. ஆனா அது தனி டம்ளர் இல்லை, அவ டம்ளர்" என்றார். சிலர் சிரித்தார்கள். சொன்னவர் சிரிக்கவில்லை. ஜன்னல் விளிம்பில், ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில், கொஞ்சம் நசுங்கின எவர்சில்வர் டம்ளர். விளக்கமே தேவைப்படவில்லை, எல்லோர் கண்ணுக்கும் அது தெரிந்தது. அப்புறம் ஒரே சத்தம். கொரோனாவுக்கு அப்புறம் சுத்தம் பார்க்க வேண்டாமா என்று ஒருவர், அவளே அதைத்தான் கேட்கிறாள் என்று இன்னொருவர், சாதி என்ற சொல்லை எடுக்காமலேயே சாதியைச் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் மிச்சப் பேர். தயவு, நற்குணம், சாந்தம் என்று கலாத்தியர் 5-ல் இருக்கிற ஒன்பதையும் பாட்டாகப் பாடத் தெரிந்த கூட்டம் அது. ஒரு டம்ளரில் வந்து மாட்டிக்கொண்டது.

எனக்கு அசரியா அத்தியட்சரின் (பிஷப்) ஞாபகம் வந்தது. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், நம் ஊர்க்காரர். 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் அத்தியட்சரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர். அவர் பெயரில் நாம் மண்டபம் கட்டுகிறோம், நாள் கொண்டாடுகிறோம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசினார். வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில் எழுந்து நின்று, நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்று முடித்தார். பலருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பள்ளிக்கூடம் கட்டினார்கள், காலராவில் செத்தார்கள், தினமும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். கொடுக்கத் தெரிந்தது, சமமாக உட்காரத்தான் வரவில்லை. அந்தப் பேச்சில் நமக்கு இருக்கிற பெருமையெல்லாம் கேட்டவர் நம் ஆள் என்பதால் வருவது. கேட்கப்பட்டவர்களின் நாற்காலியில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்போது ஜெபம் வேண்டாமா

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி பிடித்துக்கொண்டார். "டீச்சர், நீங்க சொல்றதப் பாத்தா ஜெபத்தக் குறைச்சிக்கிட்டு வேலைக்காரிக்கு நல்ல டம்ளர் குடுத்தாப் போதும்போல இருக்கே." நியாயமான கேள்வி, கிண்டலாகக் கேட்டாலும். இயேசுவே அதிகாலையில் இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தவர். மாற்கு முதல் அதிகாரத்திலேயே அது இருக்கிறது. அதே மாற்கு ஆறாம் அதிகாரத்தில் சீஷர்களைக் கூட்டிக்கொண்டு தனித்திருக்கப் படகேறுகிறார். சாப்பிடக்கூட நேரமில்லாத நாள். கரையில் இறங்கினால் ஜனங்கள் முந்தி வந்து நிற்கிறார்கள். தட்டுச் சத்தமெல்லாம் இதற்கு எம்மாத்திரம்! அவர் "மனதுருகி" அவர்களுக்கு உபதேசிக்கத் தொடங்கினார் என்று எழுதியிருக்கிறது. பிதாவோடு அவருக்கிருந்த உறவு அந்தக் கூட்டத்தினால் அறுந்துபோகவில்லை. கூட்டம் வந்த இடத்திலும் அது அவரோடேயே இருந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் பாரீஸ் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர். போரில் காயம்பட்ட பழைய சிப்பாய், படிப்பு அதிகமில்லை. மடத்தில் அவருக்குச் சமையல்கட்டைக் கொடுத்தார்கள், அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காதது. அங்கேயே பல வருடம் இருந்தார். ஜெப நேரம், வேலை நேரம் என்று தமக்கு வித்தியாசமில்லை, சட்டிபானைச் சத்தத்துக்கும் ஆளாளுக்கு ஒன்று கேட்கிற இரைச்சலுக்கும் நடுவிலும் ஆண்டவர் தம்மோடு இருக்கிறார் என்பது அவர் சொன்னதன் சாரம். பாத்திரம் தேய்க்கிற இடத்திலிருந்து ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். நடைமுறையில் எனக்கு உதவுவது இன்னும் சாதாரணமானது. ராத்திரி விளக்கை அணைக்கும்முன் அன்று யார் முகம் என்னால் வாடியது என்று ஒரு சுற்று யோசிப்பது. இயேசு சபைத் துறவிகள் இதைத் தினம் இரண்டு வேளை செய்கிறார்கள். முதலில் ஞாபகம் வருகிற முகம் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறவர்களுடையதுதான். மறுநாள் காலை ஜெபத்துக்கு வேறு தலைப்பு தேட வேண்டியிருக்காது.

அந்தச் சகோதரி அதோடு விடவில்லை. கிறிஸ்து இல்லாமலேயே வேலையாட்களை நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அப்படியானால் "என்னையல்லாமல் ஒன்றும் செய்யக்கூடாது" என்பது என்ன என்றார். இருக்கிறார்கள், நம்மைவிட நன்றாகவே நடத்துகிறார்கள். கிறிஸ்துவை உயர்த்துவதற்காக அவர்களுடைய நற்குணத்தைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்த வார்த்தை அவர்களைப் பார்த்துச் சொன்னதும் அல்ல. ஜீவனையும் கொடுப்பேன் என்று மார்தட்டிய பேதுரு உட்படப் பதினொரு பேரைப் பார்த்து, அவர்கள் ஓடிப்போகப் போகிற அதே ராத்திரியில் சொன்னது. பேதுருவுக்குக் கிறிஸ்துமேல் பிரியம் இல்லாமல் இல்லை. பிரியம் மட்டும் போதவில்லை. யோவான் கடைசி அதிகாரத்தில் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் வைத்து, "வாருங்கள், போஜனம் பண்ணுங்கள்" என்று கூப்பிடுகிறார் உயிர்த்தெழுந்தவர். சாப்பிட்டபின் அந்தப் பேதுருவிடம் மூன்று தரம், என்மேல் அன்பாயிருக்கிறாயா என்று கேட்கிறார். ஆம் ஆண்டவரே என்று பதில் வந்த ஒவ்வொரு தடவையும் ஆடுகளைப் பற்றித்தான் பேசுகிறார். உன் அன்பை எனக்குப் பாடிக்காட்டு என்று சொல்லவில்லை.

அடுத்த மாதப் பாடத்துக்கு அந்தக் கடைசி அதிகாரத்தையே எடுத்திருக்கிறார்கள். கேள்வி கேட்ட சகோதரிதான் நடத்துகிறார். எந்த வசனத்தோடு நிறுத்துவது என்று தலைவி இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.